எண்ணெய் இளகும் நேரம்

உடம்பில் படாமல் ஒரு சட்டைப் பை தைத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்போது நான் கண்டியில் ஒரு துணிக்கடையின் வாசலோரம் தையல் மிஷின் போட்டிருந்தேன். பை சட்டையில் இருக்கும், சட்டை உடம்பில் இருக்கும், பை மட்டும் எப்படி உடம்பில் படாமல் இருக்கும் என்று மனதுக்குள் நினைத்தேன். வாயால் கேட்கவில்லை. அந்த நாளில் வாடிக்கைக்காரர்களிடம் அளவைத் தவிர வேறு எதையும் நான் பேசுவதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்து மிஷின் பலகையில் வைத்தார். அதில் பாதிக்குத் தேங்காயெண்ணெய் இருந்தது.

"பாருங்கொ தம்பி. டிசம்பர் மாசம், காலம்பொற ஏழு மணி. இந்த எண்ணெ கட்டியா இரிக்க வேணும். தண்ணி மாதிரி இரிக்கி. ஏன்? என்ட சூட்டுல இளகிட்டுது. எனக்கு என்ட சூடு தேவல்ல. ஊருட சூடுதான் தேவ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வேலையை விடவில்லை. சட்டையில் பை வைப்பதை விட்டுவிட்டு, மிச்சத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, அதற்கு ஒரு வளையமும் வைத்து, அவருடைய குடையின் நுனியில் மாட்டிக் காட்டினேன். அவர் குடையைத் தோளில் சாத்திக்கொண்டு நாலடி நடந்து பார்த்தார். போத்தல் முதுகுக்குப் பின்னால், உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஆடியது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று முதல் நான் அவருடைய தையற்காரன்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் கண்டிக் கடைத்தெருவில் பாதிப்பேருக்கு ஆள் தெரியாது. எல்லோருக்கும் அவர் எண்ணெய் நானா; எங்கள் ஊர் முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்குக் கிட்டங்கி இருந்தது. எண்ணெய்த் தகரங்களும் உப்பு மூட்டைகளும் கருவாடும் அதற்குள் கிடக்கும். கடுகண்ணாவை, வத்தேகம, பன்வில என்று சுற்றியுள்ள சின்ன ஊர்களின் கடைகளுக்கு அவர்தான் சரக்குப் போட்டார்.

குளிர் ஊரில் எண்ணெய் வியாபாரம் செய்கிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. காலையில் எண்ணெய் வெள்ளை மெழுகு மாதிரி தகரத்துக்குள் உறைந்து கிடக்கும். அளந்து ஊற்ற முடியாது. சுரண்டி எடுத்தால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரும். நெருப்பில் காட்டிச் சூடாக்கலாம், ஆனால் அவர் அதற்குச் சம்மதிக்கமாட்டார், எண்ணெய் வாசம் கெட்டுவிடும் என்பார். அதனால் எந்த ஊரில் எத்தனை மணிக்கு எண்ணெய் தானாக இளகுகிறதோ, அந்த நேரத்துக்கு அந்த ஊரில் போய் இறங்குவார். வத்தேகமவில் எட்டரைக்கு இளகும். அங்கே அளந்து முடித்துவிட்டு பஸ் ஏறினால் பன்விலவில் பத்தரை. அவருடைய வியாபாரம் முழுவதும் இப்படி வெயிலின் பின்னால் ஏறிப் போகிற வியாபாரம்.

வருஷக்கணக்கில் இப்படிப் போய்வந்ததில், ஊர்களுக்கு அவர் மணி வைத்துவிட்டார். "கண்டி ஒம்பது மணி ஊரு. வத்தேகம எட்டர. பன்வில பத்தர, மழ நாளெண்டா பதினொன்டு. நுவரெலியா இளகாத ஊரு, அத விடுங்கொ." எண்ணெய் குளிரைச் சொல்லும். ஈரத்தைச் சொல்ல உப்பு. ஒரு சின்னத் தகர டப்பாவில் ஒரு பிடி கல்லுப்பும் கொண்டுபோவார். கடைவாசலில் போத்தலை நிழலில் தொங்கவிட்டு, பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கடைக்காரருக்கு ஸலாம் சொல்வார்.

ஒரு முறை கடுகண்ணாவை ஸ்டேஷனில் அவரோடு நின்றேன். ஸ்டேஷன் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை அடி என்று எழுதியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இலக்கம் தெரியும். கண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, அப்படியானால் இரண்டும் ஒரே குளிர்தானே என்று கேட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

"அடி ஒன்டுதான் தம்பி. எண்ணெயும் ஒரே நேரத்துலதான் இளகுது. உப்பப் பாருங்கொ" என்று டப்பாவை நீட்டினார். உப்பு ஊறிப்போய்க் கஞ்சி மாதிரி இருந்தது. "கடல்ல இருந்து வார மழ எல்லாம் இந்தக் கணவாயில முட்டி நிக்கிற. கண்டிக்கு மிச்சம்தான் வரும். இந்தப் பலகைய எழுதின ஆள் அடிய அளந்தான். ஒரு அப்பளத்தப் பொரிச்சு வெச்சிருந்தா விஷயம் தெரிஞ்சிருக்கும்."

மனிதர்களையும் அவர் விடவில்லை. பழகத் தொடங்கி ஒரு வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்: "நீங்க பத்தர மணி ஆள் தம்பி. காலம்பொற வந்தா ஒங்ககிட்ட ஒரு சொல் எடுக்க ஏலா. பத்தரைக்குப் பொறகு கொஞ்சம் இளகுறீங்க." ஆஸ்பத்திரிப் பக்கம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அப்போதிக்கரி ஒருவர் இருந்தார், கோட்டுப் பொத்தானை ஒரு நாளும் கழற்றமாட்டார். அவர் நுவரெலியா. என் மனைவியை முதல்முறை பார்த்து அரை மணி நேரம் பேசிவிட்டு, "இந்தத் தங்கச்சி உறையவே மாட்டா" என்று சிரித்தார்.

அவருடைய இந்தப் பழக்கம் சில நேரம் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். அவருடைய மகளுக்கு நாவலப்பிட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், இவர் முதலில் கேட்ட கேள்வி, உங்கள் வீட்டில் உப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி வைக்கிறோம் என்று அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். உப்பைக் காயவைக்கிற ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று இவர் நாலு நாள் பிடிவாதமாக இருந்தார். அவருடைய மனைவி, "நீங்க மாப்பிள பாக்கிறீங்களா, மூட்ட எறக்க எடம் பாக்கிறீங்களா" என்று சத்தம் போட்ட பிறகுதான் இறங்கிவந்தார். கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு இறுக மூடும் தகர டப்பா ஒரு டசின் போனது. இதை அவரே என்னிடம் சொல்லிவிட்டு, "நாலு நாள் அந்தப் புள்ள என்ட மொகத்தப் பாக்கல்ல தம்பி" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவள் பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். என்னைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து, துணிக்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். அறையின் பின்சுவர் மலையை வெட்டிய மண்ணோடு ஒட்டியிருந்தது. மழைக்காலத்தில் சுவரில் கையை வைத்தால் நனையும். வந்த இரண்டாம் வருஷம் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. அந்த வருஷம் மழைக்கு மட்டும் வந்தது. அடுத்த வருஷம் மழை விட்ட பிறகும் போகவில்லை. அதற்கடுத்த ஜூன் மாதத்தில் ஒரு நாள், விடிகிற நேரம், அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாகிவிட்டது. அன்று அவள் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

யாழ்ப்பாணத்து அப்போதிக்கரி மருந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது தொய்வு. மருந்து பிடிக்கும், ஆனால் இடம் மாத்த வேணும். இன்னொரு மழைக்கு இந்த அறையில வச்சிருக்காதையும். உயரத்துக்குக் கொண்டு போம். வெள்ளைக்காரர் சுகமில்லாட்டி நுவரெலியாவுக்குத்தானே போகினம்."

நான் இதை எண்ணெய் நானாவிடம் சொன்னேன். அப்போது மணி பத்தரைகூட ஆகவில்லை, ஆனாலும் சொன்னேன்.

"வெள்ளக்காரன் அங்க போறது மூச்சுக்கில்ல தம்பி, குதிர ஓட்டத்துக்கு" என்றார். பிறகு என் மிஷின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தையல் மிஷின் எங்க வெச்சாலும் ஓடும். ஒங்களுக்கு நான் ஒரு ஊரு எடுத்துத் தாறன். நானில்ல. இதுகள் எடுத்துத் தரும்" என்று குடை நுனியைக் காட்டினார்.

ஆறு மாதம் அவர் அதையே வேலையாக எடுத்துக்கொண்டார். கடுகண்ணாவையில் ஒரு நல்ல இடம் வந்தது, பெரிய ரோட்டோரம், வேலைக்குக் குறைவிருக்காது. உப்பு சரியில்லை என்று தள்ளிவிட்டார். வத்தேகமவில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்தது. முன்னால் மிஷின் போட இடம், பின்னால் வெயில் விழும் முற்றம். அங்கே தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பத்து நாள் போத்தலும் டப்பாவும் வைத்துப் பார்த்தார். எட்டரை மணி. உப்பு கையில் ஒட்டவில்லை. "இதுதான்" என்று வந்து சொன்னார். பொங்கல் முடிந்து இரண்டாவது திங்கட்கிழமை பதில் சொல்வதாக அறைக்காரரிடம் பேச்சு.

அப்போது என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். "நானா... எங்க அக்கா ஊரு... பன்வில... அதயும் பாருங்களேன்."

"பன்வில பத்தர மணி ஊரு தங்கச்சி. உப்பும் நிக்காது. பாக்கத் தேவல்ல."

"அது... போன வருசத்து எண்ணெ. இந்த வருசம்... பாருங்க."

பார்க்காமல் சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித்திரிகிறவர் அவர். பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது அவளிடம் ஒரு புதுப் போத்தலையும் ஒரு டப்பாவையும் கொடுத்துவிட்டார். நிழலில் தொங்கவிட வேண்டும், அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது, யாரும் கைபோடக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். அவள் மூன்று முறையும் தலையாட்டினாள்.

பொங்கலுக்குத் தைத்துக்கொடுக்கிற வேலையெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை நான் பன்விலவுக்குப் போனேன். அக்காவின் வீடு கடைவீதிக்கு மேலே, கல் படிகள் ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்து வெளியே வந்தேன். மூடுபனியில் எதிர்மலை தெரியவில்லை. கை விரைத்தது. தாழ்வாரத்து ஆணியில் போத்தல் தொங்கியது. எண்ணெய் தண்ணீராக இருந்தது. டப்பாவைப் பார்த்தேன், உப்பு மணல் மாதிரி உதிர்ந்தது.

எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "பாத்தியா, உங்க ஊரு ஏழு மணி ஊரு" என்று குசினி வாசலில் போய்ச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இவ்வளவு குளிரில் கை விரைக்கும்போது எண்ணெய் எப்படி உறையாமல் நிற்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. போத்தலை நம்பிப் பழகிவிட்டேன்.

ஒன்பதரை பஸ்ஸில் எண்ணெய் நானா வந்தார். படி ஏறி வந்தவர் ஆணியைப் பார்த்ததும் நின்றார். போத்தலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மூடியைத் திறந்து மோந்தார். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார். மூடியைப் போட்டார். பிறகு டப்பாவுக்குள் விரலை விட்டார், விட்ட வேகத்தில் எடுத்தார்.

"உப்பு சுடுது" என்றார்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஜனவரி மாசம், பன்விலயில, உப்புக்குக் காச்சலா?" என்று என்னைக் கேட்டார். "தம்பி, முப்பது வருசமா எண்ணெ விக்கிற என்னய, உறையாத நல்லெண்ணெய ஊத்தி ஏமாத்தப் பாத்த ஆள் யாரு? நீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் குசினிக்குள்ளிருந்து என் மனைவி வந்தாள். கையில் அகப்பை இருந்தது.

"அவரு இல்லீங்க நானா, நான்தான், அக்காவோட நல்லெண்ணெயத்தான் ஊத்துனேன், உப்பையும் நான்தான் காலையில காலையில வறுத்து வெச்சேன், பஸ் சத்தம் கேட்டு இப்பவும் ஒரு தடவ வறுத்தேன், வறுக்காம என்ன செய்யச் சொல்றீங்க, பத்து நாளா இங்க இருக்கேன், பீலிக்குப் போறேன், குடத்தத் தூக்கிக்கிட்டு இந்தப் படியெல்லாம் ஏறுறேன், ஒரு நாள் நடுவுல ஒக்காரல, ஒரு நாள் இழுக்கல, அத இவருகிட்ட நேத்துச் சொன்னா சரி சரி, நானா வந்து போத்தலப் பாக்கட்டும்னு சொல்றாரு, மூச்சு என்னோடதா இல்ல போத்தலோடதா, நான் சொன்னா நம்ப மாட்டீங்க, போத்தல் சொன்னாத்தான் நம்புவீங்கன்னா சரி, போத்தலயே சொல்ல வெச்சிட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு அகப்பையைக் கீழே போட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முந்தின நாள் அவள் சொன்னது உண்மை, நான் அப்படித்தான் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சரக்கில் கலப்படம் என்று தெரிந்தால் கடைக்காரன் யாராக இருந்தாலும் அவர் அந்தப் படியை மறுபடி மிதிப்பதில்லை. ஆனால் அவர் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கண்டியில தங்கச்சி இப்படிப் பேசி நீங்க கேட்டிரிக்கிறீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கண்டி அறையில் "சோறு ஆறுது வாங்க" என்று சொல்ல அவள் இரண்டு இடத்தில் மூச்சுக்கு நிற்பாள். நின்று நின்று பேசுவது அவளுடைய பழக்கம் என்றே எனக்கு ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் இப்படி ஒரே மூச்சில்தான் பேசுவாள் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

"இல்ல நானா" என்றேன்.

"அப்ப வேற என்னத்தப் பாக்கிற?" என்றார். போத்தலை அக்காவிடம் கொடுத்தார். "நல்லெண்ணெ, கீழ ஊத்திடாதீங்கொ. கறிக்காகும்." பிறகு என் மனைவியிடம், "தங்கச்சி, போத்தலுக்கு வாய் இல்ல, அதுக்காவ நான் பேசின. ஒங்களுக்கு வாய் இரிக்கி. நல்லா இரிக்கி" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

வத்தேகம அறை வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆனால் பஸ்ஸுக்கு வழியனுப்பப் போனபோது அவர் முகம் தெளிவாக இல்லை. மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஜூன் மாசம் ஒன்டு இரிக்கி தம்பி" என்றார். "எண்ணெயும் உப்பும் வாணாமெண்டு சொல்ற ஊருல நான் ஆள வெச்சிட்டுப் போறன். இது எனக்குப் புதுசு."

மிஷினை பஸ்ஸின் மேலே கட்டி ஏற்றிக்கொண்டு மாசியில் பன்விலவுக்கு வந்தோம். கடைவீதியில் ஒரு கடை வாசலில் மிஷினைப் போட்டேன். வீடு மேலே, அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. துணித்தூசி கீழே, சமையல் மேலே. கண்டி அறையின் சுவர்தான் காரணமா, தூசியா, பிறந்த ஊர்க் காற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போதிக்கரிக்கும் தெரிந்திருக்காது. உயரத்துக்குப் போனதால்தான் என்று அவர் சொல்லிக்கொண்டதாகக் கேள்வி.

ஜூன் வந்தது. மழை ஒரு நாள் காலை தொடங்கினால் நாலு நாளுக்கு ஓயாது. மிஷினுக்கு முன்னால் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு தைப்பேன். எண்ணெய் நானா வாரத்துக்கு ஒரு முறை வந்தார். மழைக்காலத்தில் அவர் மாதம் ஒரு முறைக்கு மேல் மேல்ஊர்களுக்கு வருவதில்லை, உப்பு கொண்டுவந்து பயனில்லை. ஆனாலும் வந்தார். வீட்டுக்கு ஏறி வருவார். தாழ்வாரத்துக் கதிரையில் உட்கார்ந்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பார். போத்தலைத் தொங்கவிடமாட்டார். உப்பைப் பார்க்கமாட்டார். என் மனைவியிடம் ஏதாவது ஒன்று கேட்பார்.

"தங்கச்சி, அண்டைக்குப் பலாக்கொட்டக் கறி எண்டு சொன்னீங்க. அது எப்படி ஆக்கின?"

அவள் கொட்டையை உரிப்பதிலிருந்து தொடங்குவாள். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வாரம், தோட்டத்தில் யாருக்கோ கல்யாணம் என்றீர்களே, என்ன நடந்தது என்பார். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சண்டை. இவருக்கு எதற்கு இந்தக் கதையெல்லாம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் பேசும்போது அவருடைய பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறும். திக்ரு செய்கிறார், அல்லாஹ்வின் பெயரை எண்ணி ஓதுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு நாள் கவனித்தேன். அவள் பேசும்போது விரல் நின்றிருந்தது. மூச்சுக்காக அவள் நிற்கும்போதுதான் அது ஒரு கணு ஏறியது.

நினைத்துப் பார்த்தால், ஜூன் முதல் வாரம் ஒரு பலாக்கொட்டைக் கறிக்கு அவர் விரல் இரண்டு கையும் தாண்டிப்போனது. நடுவில் இரண்டு நாள் அவளுக்கு இலேசாக இழுத்தது. அக்கா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள், நான் மிஷினை மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அடுத்த வாரம் விரல் ஒரு கையில் நின்றது. ஜூலை கடைசியில், அக்காவின் மாமியார் ஆற்றில் விழுந்த ஆட்டைப் பிடித்த கதையை அவள் சொன்னபோது, அந்த நீளமான கதைக்கு அவருடைய பெருவிரல் மூன்று கணு ஏறியது. அவர் கோப்பையைக் கீழே வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். என் மனைவி, "ஆடு பொழச்சதுக்கா நானா?" என்று கேட்டாள். "ஓ, ஆட்டுக்குத்தான்" என்றார்.

மற்றவர்களிடம் அவர் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. பன்விலவில் குடியேறலாமா என்று யார் கேட்டாலும், பத்தரை மணி ஊர், உப்பு நிற்காது, போகவேண்டாம் என்றே சொன்னார். ஒரு தையற்காரன் பெண்சாதிக்கு அங்கே சுகமாமே என்று ஒருவன் எதிர்த்துக் கேட்டானாம். "நீங்க அந்தத் தங்கச்சியக் கட்டினா போங்கொ, இல்லாட்டிப் போகாதீங்கொ" என்று இவர் சொன்னதாகக் கடைவீதியில் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதன் பிறகு ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவருடைய வியாபாரத்தை மருமகன், அதே நாவலப்பிட்டி மாப்பிள்ளை, லொறி வைத்துச் செய்யத் தொடங்கினார். லொறிக்கு எண்ணெய் இளகும் வரை காத்திருக்க நேரமில்லை. உறைந்த தகரத்தை அப்படியே நிறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கடைக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "அவன் சுறுசுறுப்பு. எனக்கு வெயிலுக்குப் பின்னால போய்ப் பழகிட்டுது" என்பார்.

கடைசியாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தூறல் நாளில். சரக்கு ஒன்றும் இல்லை, சும்மா பஸ்ஸில் வந்தார். நான் கீழே கடைவாசலில் அவரைக் கண்டு கூடவே ஏறினேன். கல் படியில் நாலு இடத்தில் நின்றார். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும், படியோரம் இருந்த பூச்செடியையோ எதிர்மலையையோ காட்டி எதையாவது சொன்னார்.

கதிரையில் உட்காரவைத்து என் மனைவி தேநீர் கொடுத்தாள். "நானா, நீங்க மொதமொத எண்ணெ கொண்டு வந்த காலத்துல இந்த ரோடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரோடா... அப்ப ரோடு எங்க..." என்று தொடங்கினார். "மாட்டு வண்டிதான்... ஒரு வளைவுல... நாலு பேர் எறங்கித் தள்ள வேணும்... மழ வந்தா..." சொல்லிக்கொண்டு வந்தவர் அவளுடைய கையைப் பார்த்துவிட்டார். அவள் கதவோரம் நின்றபடி பெருவிரலைக் கணுவில் வைத்திருந்தாள்.

"என்ன தங்கச்சி... எண்ணுறீங்களா?"

"ஆமாங்க."

"எத்தன?"

"பதினொன்னு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்க ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "பன்னென்டு" என்று தானே சொன்னார்.

எந்த ஊரிலும் அவர் சாப்பிட உட்காருவதில்லை, அடுத்த ஊரில் எண்ணெய் இளகிவிடும் என்று ஓடுவார். அன்று என் மனைவி சோறு போட்டாள், மறுக்காமல் சாப்பிட்டார். பருப்பும் பொன்னாங்காணிச் சுண்டலும் அப்பளமும். அப்பளத்தை உடைத்துப் பார்த்து, "நல்லா மொறுமொறுண்டு இரிக்கி" என்றார். சாப்பிட்டுக் கைகழுவி, லுஹர் தொழுதுவிட்டு, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கதிரையில் சாய்ந்தார். சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூச்சு மெதுவாக, சத்தமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது.

கீழே பஸ் வந்து நின்றது. ரைவருக்கு அவரைத் தெரியும். காத்திருந்து, இரண்டு முறை ஹோர்ன் அடித்தான். நான் எழுப்பப் போனேன். என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தூறலில் படியோரம் வரை இறங்கிப் போய், கீழே நின்ற பஸ்ஸைப் பார்த்து, போகலாம், போகலாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.